வளர்கிறவளுக்கு ஒரு பெட்டி

பெட்டிக்காரரின் தாய், இறந்த நாளின் முற்பகலில் ஒரு சாணும் பிற்பகலில் மற்றொரு சாணும் வளர்ந்தாள். உயிரோடிருந்த காலத்தில் ஐந்தடியை எட்டாதவள்; கதவின் மேல்தாழ்ப்பாளுக்கு முக்காலி தேடியவள். நீராட்டி, வெள்ளைத் துணி போர்த்திக் கூடத்துக் கட்டிலில் கிடத்தியபோதும் அதே அளவில்தான் இருந்தாள். மகன் அளவுநாடாவை உச்சியில் வைத்துக் குதிகால்வரை இழுத்துச் சுருட்டிய பிறகே பாதங்கள் கட்டிலின் விளிம்பைக் கடந்தன. துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் நாற்காலிகளைச் சற்றுப் பின்னே நகர்த்தி இடம்விட்டுத் துதிப்பாடலைத் தொடர்ந்தார்கள்.

சவப்பெட்டி செய்வோர்க்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: மூச்சுள்ள உடம்பில் அளவுநாடா படலாகாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பெட்டிக்காரர் அதை மீறினார். தாய் மூன்று நாள் தாண்டமாட்டாள் என்று மருத்துவர் கைவிரித்திருந்தார். பட்டறையில் நல்ல பலகை ஒன்று இருந்தது. அதை வேறொருவர் கேட்டுவிடுவாரோ என்று அவருக்குக் கவலை. தாய் உறங்குகிறாள் என்றெண்ணி நாடாவைத் தலைமாட்டிலிருந்து இழுத்தார். முழங்காலருகே நாடா வந்தபோது, மடங்கியிருந்த காலை அவள் மெல்ல நீட்டிக்கொடுத்தாள். கண் திறக்கவில்லை. அவர் குதிகால்வரை அளந்து முடித்தார்.

பத்தாம் நாள் அவள் எழுந்து கஞ்சி குடித்தாள். அதற்குள் பெட்டி முடிந்து, கோணிப்பை போர்த்திப் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றது. வெளியூர்க்காரர் செய்யச் சொன்னது என்று மகன் சொல்ல, அவள் தலையாட்டிக்கொண்டாள். பெருக்க வரும்போதெல்லாம் அதன் தூசியையும் துடைத்துவிட்டுப் போனாள். அவள் துடைப்பதைக் காணமாட்டாமல் அவர் முகம் திருப்பிக்கொண்ட நாள்கள் பல. மூன்றாம் ஆண்டு, கேட்பாரற்று இறந்த வழிப்போக்கன் ஒருவனுக்கு அதை இனாமாகக் கொடுத்தார். ஒரு நாள் மட்டும் நெஞ்சு இலேசாயிருந்தது.

ஆக, இப்போது புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. நண்பகலில் முதற்பெட்டி முடிந்தது. தாய் அதற்குள் அடங்கவில்லை. மறுபடி அளந்து செய்த இரண்டாம் பெட்டி மாலையில் முடிந்தபோது அதற்குள்ளும் அடங்கவில்லை. அடக்கம் மறுநாள் நடுப்பகலுக்கென்று குறித்தாயிற்று. அதற்குமேல் உடல் தாங்காது. குழிவெட்டி மண்வெட்டியோடு நேரிலேயே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"பெட்டிக்காரரே, காலையில அஞ்சடின்னீங்க. மத்தியானம் அஞ்சேமுக்கால். இப்ப ஆறரைங்கிறீங்க. நான் குழி வெட்டுறேனா, வாய்க்கால் வெட்டுறேனா?"

"காலையில சொல்றேன், போங்க."

"நாடாவுல ஏதாச்சும் கோளாறா?"

"நாடா சரியாத்தான் இருக்கு."

குழிவெட்டி போனதும் பெட்டிக்காரரின் அக்காள் உள்ளே வந்து மரத்தூளின்மேல் அமர்ந்தாள். தம்பி உளியைக் கீழே வைத்தார்.

"அக்கா, அம்மா உயிரோட இருக்கும்போதே அளந்துட்டேன்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"அம்மாதான். 'முழங்காலுக்கிட்ட வந்து தடுமாறினான், பாவம், அதான் காலை நீட்டிக் கொடுத்தேன்'னா. எழுந்து உக்காந்த அப்புறம், 'புள்ளை செஞ்ச பெட்டிக்கு ஆள் இல்லாமப் போச்சே'ன்னு சிரிச்சா."

"சிரிச்சாளா? திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"உனக்கு நல்லா இருக்கணும்னு திட்டுவாங்களா? வருத்தப்பட்டது போதும். இன்னொரு தடவை நாடாவைத் தொட்டே, வாசலை இடிச்சுத்தான் அம்மாவை வெளியே கொண்டுபோகணும்."

"அளக்காம எப்படிக்கா செய்யிறது?"

"நீ போட்டு வளர்ந்த சட்டையெல்லாம் யாரு தச்சா? எந்த நாடாவை வச்சு? அம்மா ஒரு பார்வை பார்ப்பா, வெட்டுவா. வளர்ற புள்ளைன்னு ரெண்டு விரல் தாராளமா விடுவா. அதை மாதிரி செய், போ."

விடியலில் அவர் கட்டிலருகே தரையில் அமர்ந்தார். முந்தைய நாள் முழுதும் உச்சியையும் குதிகாலையும் கண்டாரேயன்றி முகத்தைக் காணவில்லை. இப்போது கண்டார். நெற்றியின் சுருக்கத்தை, ஊசிகுத்தித் தழும்பேறிய விரல்நுனியை, அருகிலிருந்தும் தாம் அறியாதிருந்த காதோரத்து மச்சத்தைக் கண்டார். "அம்மா, உன் நேரம் வர்றதுக்குள்ள முந்திக்கிட்டேன்" என்றார். எழுந்துபோய்க் கண்மதிப்பில் பலகை அறுத்து, கால்மாட்டில் நாலு விரல் தாராளமாகவே விட்டார்.

தாய் அதில் அடங்கினாள். ஆறு பேர் சுமக்கவேண்டியதைப் பத்துப் பேர் சுமந்தார்கள். தெருமுனையில் திருப்புவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. குழிக்குள் இறக்கி, உறவினர் பிடிமண் இட்டு, பாடவேண்டியதைப் பாடி, பொழுதோடு வீடு திரும்பினார்கள்.

அந்தக் கல்லறை மேடு இன்றளவும் ஆண்டுக்குச் சிறிது நீள்கிறது. அடுத்த கல்லறையின் குடும்பத்தார் முதலாண்டு முணுமுணுத்து, இரண்டாம் ஆண்டு தங்கள் பூச்செடியைப் பெயர்த்து அப்பால் நட்டுக்கொண்டார்கள். நினைவுநாள்தோறும் பெட்டிக்காரர் கடப்பாரையோடு வந்து கால்மாட்டுக் கல்லைத் தள்ளி நடுகிறார். குழிவெட்டி மறுபுறம் கைகொடுக்கிறார். இவ்வாண்டு எவ்வளவு என்று அவர் கேட்பதில்லை. பெட்டிக்காரர் கல்லை எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே நடுகிறார்.