காளிச்சாமி சிரித்த போட்டோ

பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத்தில் நடந்த பாதிக் கல்யாணங்களில் என் அப்பா காளிச்சாமி இருந்திருக்கிறார். ஒரு ஆல்பத்திலும் அவரைப் பார்க்க முடியாது. ஸ்டுடியோ மதன்குமாரிடம் லைட் பிடிக்கிற வேலை அவருக்கு. லைட் பிடிக்கிற ஆள் படத்துக்குள் வந்தால் திட்டு விழும். அந்தப் பயம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் போனைத் தூக்கினாலே போதும், "ஏம் புள்ள, வேற சோலி இல்லியா?" என்று எழுந்து போய்விடுவார்.

அதனால் அவர் செத்தபோது மாலை போட ஒரு படம் இல்லை. ஆதார் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டினேன். "போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டற போட்டோவாட்டம் இருக்குது. இதையா ஊட்டுல மாட்டறது?" என்று அம்மா தள்ளிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆதார் கார்டில் யார்தான் மனுசனாகத் தெரிகிறார்கள்?

மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் போகிற போக்கில் ஒரு வார்த்தை கேட்டார். "ரெண்டு மூணு மாசமாவே வலி இருந்திருக்கணுமே, வீட்டுல யாரும் கவனிக்கலையா?" கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற அத்தை ராசாத்தாள், அப்பாவின் தங்கை, அதைப் பிடித்துக்கொண்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சு. "எங்கண்ணன் நெஞ்சு வலியோட திரிஞ்சிருக்குதுங்க. ஒரே ஊட்டுல இருந்தவிகளுக்குத் தெரியலீங்களாமா." எங்கள் ஊர்ப் பக்கம் பேச்சில் குத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் குத்துவார்கள். எனக்கு அத்தையின் வாயில் எதையாவது வைத்து அடைக்கலாம் போலிருந்தது.  அம்மா சோற்றைத் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "நெசமாலுமே எனக்குத் தெரியலை கண்ணு" என்று என்னிடம் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்போதுதான் மதன்குமார் அண்ணன் மாலையோடு வந்தார். போனை நீட்டினார். "காரமடைக் கல்யாணத்துல எடுத்ததுங்க. தாலி கட்டறப்ப அண்ணன் எப்படியோ ஓரத்துல வந்துட்டாரு. வேண்டாத படம்னு ஒதுக்கி வெச்சிருந்தேன்."

சின்னத் திரையில் மாப்பிள்ளை, பொண்ணு, மேலே தூக்கிய லைட். லைட்டுக்குப் பின்னால் அப்பா. வெளிச்சமெல்லாம் மேடைக்குப் போய்விட்டதால் அவர் முகம் கரிச்சட்டி மாதிரி இருந்தது. பல் வரிசை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அம்மா போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "சிரிக்கறாரு! ராசாத்தா, இங்க வந்து பாரு. சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னால எடுத்தது. வலியோட இருக்கற மனுசன் இப்படிச் சிரிப்பாரா?"

"மொகமே தெரியலீங்களே அண்ணி" என்றாள் அத்தை.

"என்ற புள்ள தெரிய வெப்பா. அவ வேலையே அதுதான."

என் வேலை அதுதான். காந்திபுரத்தில் கல்யாண ஆல்பம் செய்கிற லேப் ஒன்றில் இருக்கிறேன். பொண்ணை ரெண்டு கலர் ஏத்துங்க, மாமியாரைக் கொஞ்சம் மங்கலாக்குங்க என்று கேட்பார்கள், செய்து கொடுப்பேன். அம்மாவுக்காக இதைச் செய்ய மாட்டேனா? போனில் வந்த படம் உதவாது. இருட்டில் இருக்கிற விவரமெல்லாம் அதில் செத்துப்போயிருக்கும். மதன்குமார் அண்ணனிடம் கேமராவில் பதிந்த ரா ஃபைலையே வாங்கிக்கொண்டு, மறுநாள் மத்தியானம் லேபில் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் திறந்தேன்.

படத்தில் இருட்டையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கிற கர்வ்ஸ் என்பது பார்க்க ஒன்றுமில்லை. ஒரு கட்டம், அதில் கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்கு ஒரு சாய்ந்த கோடு. கோட்டின் இடது பக்கம் படத்தின் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். வலது பக்கம் புள்ளி வைத்து, பொண்ணின் பட்டுப்புடவை வெளுத்துவிடாமல் நிறுத்திக்கொண்டேன். பிறகு இடது பக்கத்தைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினேன்.

முதலில் சட்டைக் காலர் வந்தது. அப்புறம் தாடை, நரைத்த மீசை. "வாங்கப்பா" என்று வாய்விட்டே சொன்னேன். எத்தனை நாள் கழித்து அந்த முகத்தைப் பார்க்கிறேன். கோட்டை இன்னும் தூக்கினேன்.

கண்கள் வந்தன. இறுக்கி மூடியிருந்தன. நெற்றியெல்லாம் வேர்வை. அவர் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வலது கை லைட்டை உயரத் தூக்கியிருந்தது. இருட்டுக்குள் இருந்த இடது கை நெஞ்சோடு சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தது.

தாலி ஏறுகிற நேரம். அந்த நேரத்தில் லைட் அசைந்தால் கல்யாணமே கெட்டுப்போன மாதிரி கத்துவார்கள். அதற்காக நின்றிருக்கிறார். அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொண்ணு முகத்தில் வெளிச்சம் ஒரு சொட்டுக் குறையவில்லை. எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. அப்பா மேல்தான் ரொம்பக் கோபம் வந்தது. கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தால் என்ன? மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

இதைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினால் அவள் தாங்க மாட்டாள். அத்தைக்கோ, சொன்னதெல்லாம் சரிதான் என்று ஆகிவிடும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்கிய கோட்டைக் கீழே இறக்கினேன். கண்கள் இருட்டுக்குள் போயின. இன்னும் அழுத்தினேன். கை போனது, வேர்வை போனது. ஒரு பக்கக் கன்னத்துக்கும் பல்லுக்கும் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விட்டேன். மறுபடியும் அப்பா சிரித்தார். தோள் வரைக்கும் வெட்டி பிரிண்ட் போட்டு, ஃபிரேமுக்குக் கொடுத்தேன்.

கருமாதியன்று படத்துக்கு மாலை போட்டோம். அத்தை கிட்டே போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "ஆமாங்க, எங்கண்ணன் சிரிச்சுட்டுத்தான் இருக்குது" என்று உடைந்து அழுதாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ ஆத்தாமையில பேசிப்போட்டேன் அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். அம்மா அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு உண்டாள். நான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்தவர்கள் போன பிறகு, அம்மா படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னுங் கொஞ்சம் வெளிச்சம் பண்ணியிருக்கலாமில்ல கண்ணு? கண்ணு ரெண்டும் தெரியவே இல்லை."

"அதுக்கு மேல வராதும்மா. இருட்டுல எடுத்த படம்."

"ஊர்ல இருக்கறவிகளையெல்லாம் பளிச்சுனு ஆக்கற. உங்கப்பனுக்கு மட்டும் வரலையா?"

"வரலைம்மா."

அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தை அந்த வீட்டில் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில் எழுந்து வந்து, என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சரி உடு, அப்படியே இருக்கட்டும்" என்றாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்:

"ரொம்ப வலிச்சிருக்குமா அம்மணி?"