நான்கு பேர் இருந்த அரங்கு

அருண்பாண்டி படத்தைப் பார்க்கவில்லை. தும்பிக் கூட்டம் என்ற அந்த ஆன்லைன் ரசிகர் குழுவில் இருந்த தொள்ளாயிரம் பேரில் யாருமே இன்னும் பார்த்திருக்கவில்லை. ஜப்பானில் டிசம்பரில் வந்த படம் இங்கே வந்துசேர ஆறு மாதமாவது ஆகும். அதுவரை கையில் இருந்தவை எண்கள் மட்டும். இந்த வாரம் எத்தனையாவது இடம், எத்தனை டிக்கெட், போன படத்தைவிட எவ்வளவு குறைவு. அதை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள்.

படத்தின் நாயகன் தும்பி வீரன், பச்சைக் கண் முகமூடி போட்டவன். இடுப்பில் பெல்ட்டைத் தட்டினால் உருமாறுவான். சின்ன வயதில் டப்பிங்கில் பார்த்து ஒட்டிக்கொண்டது, இருபத்தெட்டு வயதாகியும் அருண்பாண்டியை விடவில்லை. காலையில் ஏலத்தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டால், மாலை நான்கு மணிக்குத் திரும்ப ஏற்றும்வரை சாந்தன்பாறைச் சாலையோரம் ஜீப்பிலேயே கிடப்பான். அந்த நேரம் முழுக்கக் கூட்டத்துக்குத்தான்.

இந்தப் படத்தில் பழைய நடிகரை எடுத்துவிட்டுப் புதுப் பையனைப் போட்டிருந்தார்கள். படம் படுத்துவிடும் என்று வெளியாவதற்கு முன்பே அருண்பாண்டி எழுதினான். ஓடும் என்றான் லோகேஷ். தேவிகுளத்துக்காரன், அங்கே ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் வேலை. குழுவுக்கு இவர்கள் இருவரும்தான் அட்மின். சொன்னது பலிக்காதவன் அந்தப் பொறுப்பை விட்டு இறங்க வேண்டும் என்று பேச்சு.

முதல் வாரம் இரண்டாம் இடம். லோகேஷ் பட்டாசு படமாகப் போட்டுத் தள்ளினான். இரண்டாம் வாரம் ஆறாம் இடம்.

“விழுந்துருச்சு மாப்ள” என்று அருண்பாண்டி எழுதினான்.

“சின்னப் பிள்ளைக டிக்கெட் விலை கம்மிடா. காசை எண்ணாத, தலையை எண்ணு.”

“தலையும்தான் குறைஞ்சிருக்கு.”

“புது வருசத்துக்கு எல்லாரும் கோயிலுக்குப் போயிருப்பாக. பெல்ட் பொம்மை வித்துத் தீந்துருச்சாம், அது தெரியுமா ஒனக்கு?”

“அப்ப பொம்மைக் கடையிலயே படத்தை ஓட்டச் சொல்லு.”

மூன்றாம் வாரம் முதல் பத்து இடங்களில் படம் இல்லை. பதினொன்றில் இருக்கும், பட்டியலில் பத்துக்கு மேல் போடுவதில்லை என்றான் லோகேஷ். இல்லை என்று சொல்ல அருண்பாண்டியிடம் ஆதாரம் இல்லை. குழுவில் பாதிப் பேர் லோகேஷ் பக்கம் சாய்ந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கிருத்திகாவின் செய்தி வந்தது. குழுவுக்கு இல்லை, அவனுக்கு மட்டும்.

கிருத்திகா கொழிஞ்சாம்பாறைப் பெண். ஜப்பானின் வடக்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தும்பியை ஜப்பானிய மொழியிலேயே கேட்க வேண்டும் என்று அந்த மொழியைப் படிக்கத் தொடங்கியவள், கடைசியில் அந்த நாட்டுக்கே போய்விட்டாள். குழுவில் ஆறு வருடப் பழக்கம். நேரில் பார்த்ததில்லை. வண்டிக்குப் பெர்மிட் கிடைக்காமல் அலைந்தபோது அருண்பாண்டி வீட்டில்கூடச் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறான்.

படம் தொடங்குமுன் எடுத்த புகைப்படம் ஒன்றும் கூடவே வந்தது. விளக்கு எரியும் அரங்கு. வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். ஓரத்தில் கையுறை போட்ட கை, அதில் டிக்கெட்.

“அருணண்ணா, இன்னிக்கு எனக்கு லீவுங்க. ஒரே பனி. பள்ளிக்கூடமெல்லாந் தொறந்துட்டாங்க. காலையில எட்டரை மணி ஆட்டத்துக்கு யாரு வருவா? ஆளே இல்லை. என்னையும் சேத்து மொத்தம் நாலு பேருங்க. எனக்குன்னே தொறந்து வச்சாப்பல இருந்துச்சு. இங்க வந்து இன்னிக்குத்தான் அழுதேன். நல்ல அழுகைதானுங்க. யாருகிட்டயுஞ் சொல்லாதீங்க.”

படம் எப்படி என்று அவன் கேட்கவில்லை. “மூணாவது வாரம்தான?” என்று கேட்டான். ஆமாங்க என்றாள்.

செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தான். பெயரை அழித்தான். பனியை வெட்டினான், பள்ளிக்கூடத்தை வெட்டினான், காலை ஆட்டத்தை வெட்டினான். ‘ஆளே இல்லை’ என்பதும் ‘மொத்தம் நாலு பேருங்க’ என்பதும் மிஞ்சின. சொல்லாதே என்று அவள் சொன்னது அழுததைத்தான், புகைப்படத்தை இல்லை என்று தனக்குத்தானே பொருள் சொல்லிக்கொண்டான். வாரக்கணக்காக எண்களுக்குப் பொருள் சொன்னவனுக்கு அது ஒன்றும் கடினமாக இல்லை.

‘ஜப்பானிலிருந்து நேரடி ஆதாரம்’ என்று தலைப்புக் கொடுத்துப் புகைப்படத்தோடு குழுவில் போட்டான்.

ஒரு மணி நேரத்தில் குழு அவன் பக்கம் திரும்பிவிட்டது. மாலையில் ஏறிய பெண்கள், டிரைவர் இன்றைக்குப் பாட்டை இவ்வளவு சத்தமாக வைத்திருக்கிறாரே என்று சிரித்தார்கள்.

புகைப்படம் குழுவோடு நிற்கவில்லை. யாரோ எடுத்து வேறு பக்கங்களில் போட்டார்கள். ஆங்கிலத்தில் சிரித்தார்கள், பிறகு ஜப்பானிய மொழியிலும் சிரித்தார்கள். டிக்கெட்டில் தியேட்டரின் பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. அருண்பாண்டிக்கு அது கோடுகளாகத்தான் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் அவள் கேட்டாள்.

“ஏனுங்கண்ணா, அந்த போட்டோ நீங்க போட்டதுங்களா?”

“ஆமா.”

“டிக்கெட் குடுக்கற பொண்ணு போன்ல காட்டுச்சுங்க. ஊத்தி மூடுங்க, ஈ ஓட்டுறாங்கன்னு கீழ எழுதியிருக்குது. அங்க போற வெளியூர்க்காரி நா ஒருத்திதானுங்களே. நீங்க எடுத்ததான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். குனிஞ்சு வணக்கஞ் சொல்லிட்டு உள்ள போயிருச்சு. இனி எப்பிடிங்க அங்க போவேன்? இந்த ஊர்ல வேற தியேட்டரும் இல்லீங்க.”

அவன் எழுதினான்.

“காலை ஆட்டம்னு போடாம விட்டுட்டேன். தப்புதாம்மா.”

“விடலீங்க. வெட்டியிருக்கீங்க.”

“நீ எழுதுனதை அப்படியே முழுசா போட்டுர்றேன். பனி, பள்ளிக்கூடம் எல்லாம். நான்தான் வெட்டுனேன்னும் எழுதிர்றேன். அந்தப் பொண்ணுக்கும் காட்டலாம்.”

தோட்டத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்து ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். பிறகுதான் அவள் பதில் வந்தது.

“வேண்டாங்கண்ணா. அதுவும் உங்களுக்கு மட்டும் எழுதுனதுதானுங்க.”

மறுநாள் அவள் குழுவை விட்டு விலகினாள். தொள்ளாயிரத்தில் ஒருத்தி குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவன் அனுப்பிய எதற்கும் அதன்பிறகு பதில் இல்லை.

பிப்ரவரியில் கடைசிக் கணக்கு வந்தது. போன படத்தைவிடக் குறைவுதான். பாதிக்குப் பாதி என்று சொல்கிற அளவுக்கு இல்லை, கொஞ்சம் குறைவு. ஆனால் எண்களை யாரும் பார்க்கவில்லை. அந்தக் காலி இருக்கைகளைத்தான் மறுபடி போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோகேஷ் பைக்கில் அருண்பாண்டி இருக்கும் பூப்பாறைக்கே வந்துவிட்டான். ஜீப்பின் கதவைத் தட்டினான்.

“எறங்குடா ஜப்பான்காரா. தோத்தவன் டீ வாங்கித் தாரேன்.”

“தோத்ததும் இல்ல, ஜெயிச்சதும் இல்ல.”

“ஏய், ரொம்பப் பண்ணாத. அட்மினை விட்டுட்டேன், பாத்தியா? சொன்ன சொல்லு சொல்லு.” கடை வாசலில் நின்று கண்ணாடிக் கிளாஸை நீட்டினான். “நானும் எம்புட்டோ முட்டுக் குடுத்தேன். அந்த ஒத்த போட்டோவுல கழுத்தை அறுத்துட்டடா. யாரு எடுத்தது?”

அருண்பாண்டி கிளாஸை வாங்கினான். சூடு விரலைச் சுட்டது. பெயரைச் சொன்னால் கதை முழுக்கச் சொல்ல வேண்டும். கதையில் ஒரு வரிகூட அவனுடையது இல்லை.

“தெரியல. எங்கேயோ கெடந்துச்சு.”

“எடுத்தவன் பெரிய ஆளுடா.”

“அங்க அன்னைக்குப் பனி பெஞ்சிருக்கும் மாப்ள. காலை ஆட்டமா இருந்திருக்கும். பள்ளிக்கூட நாளா இருக்கும். அதை வச்சுப் படத்தை எப்படிச் சொல்றது?”

லோகேஷ் டீயைத் துப்பாத குறையாகச் சிரித்தான்.

“இதையெல்லாம் நான்லடா சொல்லணும்! ஜெயிச்சவன் பேசுற பேச்சா இது?” கடைக்காரரிடம் திரும்பினான். “அண்ணே, இவனைப் பாருங்க. ஜெயிச்சுட்டு, தோத்தவன் சொல்ற சாக்கையும் இவனே சொல்றான். இம்புட்டுத் தன்னடக்கம் ஆகாதுண்ணே.”

கடைக்காரருக்கு எதுவும் விளங்கவில்லை. லோகேஷ் சிரித்ததால் அவரும் சிரித்தார்.

“நெசமாத்தான் சொல்றேன்” என்றான் அருண்பாண்டி.

“சரிடா, நம்பிட்டேன்” என்றான் லோகேஷ், இன்னும் சிரித்துக்கொண்டே. இன்னொரு டீ சொன்னான்.