பதினான்கு வெள்ளிக்கிழமைகள்

வெஸ்லின் வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். திம்மராயன் கட்டிலில், சுவரில் சாய்ந்து. சரோஜம்மாள் சமையலறை நிலைப்படியில். மூன்றே பேர். அந்தத் தம்பதியின் மகளும் வெஸ்லினின் மனைவியுமான சுஜாதா வரவில்லை.

ஓசூர் கம்பெனியில் உடன் வேலை பார்த்த வெஸ்லினைக் கட்டிக்கொண்டு, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு அவள் குடிபோய் மூன்று வருடம். கிறிஸ்தவன், வேதக்காரப் பையன் என்று திம்மராயன் குதித்தபோது சரோஜம்மாள் வாய் திறக்கவில்லை. அதைத்தான் மகள் மன்னிக்கவில்லை. அம்மாவின் அழைப்பை எடுப்பதே இல்லை.

"டீ குடிக்கறியா? அதுக்கும் அவகிட்ட பர்மிஷன் கேக்கணுமா?" என்றார் திம்மராயன்.

"கேட்டுட்டுத்தான் வந்தேன் மாமா. எங்கம்மா சர்க்கரைய அள்ளிக் கொட்டும், பாத்துக் குடின்னு சொன்னா."

சரோஜம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டு டீயை மகள் இன்னும் மறக்கவில்லை.

"அத்தை, சுஜாதாவுக்கு இப்ப ரெண்டரை மாசம். முன்னாடி ரெண்டு தங்கல."

கரு கலைந்த அந்த இரண்டு நாட்களிலும் தான் இங்கே குழம்பு தாளித்துக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டு இருந்திருப்பதை சரோஜம்மாள் நினைத்துப் பார்த்தாள்.

"ஹார்மோன் மருந்து ஆரம்பிக்கலாங்கறாங்க டாக்டர். அதுக்கு முன்னாடி, நீங்க இவள வயித்துல வெச்சிருந்தப்ப அந்த மாதிரி ஊசி ஏதாவது போட்டீங்களான்னு கேக்கறாங்க. பழைய மருந்து சிலது வயித்துல இருக்கற பொண்ணையும் பாதிச்சிருக்குதாம். ஜீன் வழியா அடுத்த தலைமுறைக்கும் போகுமா போகாதான்னு இன்னும் முழுசா தெரியலியாம். எந்த மருந்து, எந்த மாசம்னு தெரிஞ்சா, இவளுக்கு எது குடுக்கலாம்னு பாத்துச் செய்வாங்க."

"அதெல்லாம் சத்து ஊசிப்பா," என்றார் திம்மராயன். "என்ன சரோஜா?"

"ஆமா. சத்து ஊசிதான்." இருபத்தொன்பது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வெஸ்லின் எழுந்தான். அவனுக்கு செகண்ட் ஷிப்ட். "எதுக்கும் யோசிச்சு எழுதி அனுப்புங்க அத்தை. புதன்கிழமை டாக்டரப் பாக்கறோம். ஃபோன்ல கேட்டா அழுதுருவேன்னு பயப்படறா."

அவன் போன பிறகும் சரோஜம்மாள் நிலைப்படியிலேயே இருந்தாள். முன்பு கல்லாவி கிராமத்தில் குடியிருந்தபோது அவளுக்கும் இரண்டு தங்கவில்லை. மூன்றாவதுதான் சுஜாதா. மருந்துக்குப் பிறந்த பிள்ளை என்று மாமியார் வீட்டில் பேச்சு வந்துவிடும் என்பதால், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி, இப்போது குடியிருக்கும் இந்தக் கிருஷ்ணகிரிக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டாள். ஊசி போட்ட இடம் வீங்கியதைப் பார்த்துக் கணவர் கேட்டபோது, உள்ளூரில் போட்ட சத்து ஊசி என்று சொல்லி வைத்தாள். இப்போது அதைச் சொன்னால், பெற்றவளே கெடுத்தாள் என்று ஆகலாம். மகள் ஒரேயடியாக விலகிவிடலாம். சொல்லாவிட்டால் டாக்டர் தப்பான மருந்தைக் கொடுக்கலாம்.

சுஜாதாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ் உறையிலிருந்து மஞ்சளேறிய மருந்துச் சீட்டை எடுத்தாள். மகளுக்குக் கடிதம் எழுத ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வலது மேல் மூலையில் தேதி போட்டாள்.

"1. போட்டது சத்து ஊசி அல்ல, ஹார்மோன் ஊசி. சீட்டு இத்துடன் உள்ளது.

2. ஏழாவது வாரம் முதல் இருபதாவது வாரம் வரை, வாரம் ஒன்று. மொத்தம் பதினான்கு.

3. அப்பாவுக்குத் தெரியாது.

4. இதனால் உனக்குக் கெடுதல் வந்திருந்தால் செய்தவள் நான்தான். நீ எனக்கு வேண்டும் என்று செய்தேன்.

5."

ஐந்தில் பேனா நின்றுவிட்டது. திம்மராயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார். இரண்டு முறை படித்தார்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போனது இதுக்கா? குங்குமம் கொண்டாந்து எனக்கு வெச்சுவிட்டியேடி!"

"அது பஸ் ஸ்டாண்டு பிள்ளையார் கோயில்ல எடுத்தது."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "தனியாவா போன, பதினாலு தடவையும்?" என்று கேட்டுவிட்டு, கடைசி எண்ணின்மேல் விரலை வைத்தார். "அஞ்சு சும்மா இருக்குதே."

"வான்னு எழுதக் கை வரல."

"நாங்க வரட்டுமான்னு கேளு. நாங்கன்னே போடு."

எழுதினாள். வெயில் தாழ்வதற்குள் இருவரும் கொரியர் கடைக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் உறையைத் தூக்கிப் பார்த்தாள்.

"உள்ள என்னம்மா?"

"லெட்டரு. அத்திப்பள்ளிக்கு. நாளைக்குள்ள போயிருமா?"

"போயிரும்மா."

சரோஜம்மாள் உறையின் வாயைத் தானே ஒட்டி, விரலால் இரண்டு தரம் நீவிக் கொடுத்தாள். அந்தப் பெண் அதன்மேல் டேப் சுற்றி, அத்திப்பள்ளிப் பையில் போட்டாள்.