ஜெஸீமா மாமி அழுத படம்

1

இந்தக் கதை ஒரு விளம்பர இடைவேளையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குப் பக்கத்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டு முன்மண்டபத்தில் இந்தியத் தமிழ்ப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சாதிக் கொடுமை பற்றிய படம். சவர்க்கார விளம்பரம் வந்த நேரத்தில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். அதற்குச் சொன்ன பதிலால் ஒரு கல்யாணம் இப்போது அந்தரத்தில் நிற்கிறது.

எழுதுகிறவளின் பெயர் அம்ஹா என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்முனையில் டியூசன் வகுப்பொன்றில் தமிழ் படிப்பிக்கிறாள், எப்போதாவது சிறுகதை எழுதுகிறாள். அவளுக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது; இந்தக் கல்யாணம் அவளுடைய தங்கை நிப்லாவுக்கு. பெயர்களையெல்லாம் மாற்றியாயிற்று. மாற்றிய பெயர்களை இன்னொரு தடவையும் மாற்றியாயிற்று. அப்படியும் அவளுக்குப் போதவில்லை.

2

முதல் தொடக்கம்: "அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, கடற்கரை வீதியில்..."

விட்டுவிட்டாள். கல்முனைக் கதை என்றால் கடல் வந்தே ஆகவேண்டுமா என்ன? இந்த விஷயத்தில் கடலுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

(பொய். சுனாமிக்குப் பிறகுதான் அம்ஹாவின் குடும்பம் பொத்துவிலை விட்டு இங்கே வந்தது. ஊரே இடம்பெயர்ந்து கிடந்த நேரம், யார் யாருடைய ஆட்கள் என்று விசாரிக்க ஒருவருக்கும் பொழுதில்லை. உம்மா அந்தச் சந்தடிக்குள் புகுந்து புது மனுசியாக வெளியே வந்தார்.)

இரண்டாவது தொடக்கம்: "எங்கள் ஊரில் சாதி இல்லை."

இதையும் வெட்டினாள். ஆனால் வெட்டிய வாக்கியம் உங்கள் கண்ணில் படட்டும் என்று விட்டிருக்கிறாள். ஊரில் எல்லோரும் சொல்கிற வாக்கியம் அது. மனசறிந்து பொய் சொல்கிறவர்களும் இல்லை அவர்கள். நம்பித்தான் சொல்கிறார்கள். அம்ஹாவுக்குப் பயமே அதுதான்.

3

கதைக்குள் கொஞ்சம் கட்டுரை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படங்களில் சாதியைக் கமராவால் பிடிக்க முடிகிறது. தேநீர்க் கடையில் தனிக் குவளை, ஊருக்கு வெளியே ஒரு தெரு, கழற்றிக் கையில் எடுத்த செருப்பு, பூட்டிய கோயில் கதவு. யார் அடிக்கிறவன், யார் அடிபடுகிறவன் என்று முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்க்கிறவர் அடிபடுகிறவன் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அம்ஹாவும் அப்படித்தான் பார்த்தாள், அப்படித்தான் அழுதாள்.

ஆனால் அவளுடைய ஊருக்கு ஒரு டைரக்டர் வந்தால் கமராவை எங்கே வைப்பார்? பள்ளிவாசலில் எல்லோரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கிறார்கள். கந்தூரி விருந்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, ஒரே சோற்றில் கை வைத்துச் சாப்பிடுகிறார்கள். படம் பிடிக்க ஒன்றும் இல்லை. கல்யாணம் பேசுகிற இடத்தில் மட்டும் ஒரு வீட்டின் பெயர் வரும். பேச்சு நின்றுவிடும். யாராவது "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்பார்கள். அடுத்த வீட்டின் பெயர் வரும். அவ்வளவுதான்.

அந்த வீடு ஒஸ்தா வீடு.

(எழுதிவிட்டாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து தொடர்கிறாள்.)

பிறந்த பிள்ளைக்கு முடி இறக்கியவர்களும் ஆண் பிள்ளைகளுக்குச் சுன்னத்து வைத்தவர்களும் ஒஸ்தாமார். அவர்கள் கை படாத ஆண்பிள்ளை ஒரு காலத்தில் ஊரில் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டில் சம்பந்தம் செய்ய மாட்டார்கள். இப்போது சுன்னத்துக்கு டாக்டரிடம் போகிறார்கள். தொழில் போய்விட்டது, பெயர் மட்டும் போக மாட்டேன் என்கிறது. உம்மாவின் வாப்பா, அம்ஹாவின் பாட்டனார், பொத்துவிலில் ஒஸ்தாவாக இருந்தவர்.

[அடிக்குறிப்பு: டியூசனில் சைவ சமயம் படிப்பிக்கிற கஜனி காரைதீவுக்காரி. இதுவரை எழுதியதை அவள் மட்டும் வாசித்திருக்கிறாள். "உங்களுக்குள்ளயும் இருக்கா? நாங்க மட்டும்தான் எண்டு நினைச்சன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆருக்கும் காட்டாத அம்ஹா" என்றாள்.]

4

ஜெஸீமா மாமி மாப்பிள்ளை றிபாஸின் தாய். இவரை வில்லியாக்கிவிட்டால் கதை சுலபமாக நகரும் என்று அம்ஹா இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தாள். முடியவில்லை. கை நிறையத் தொதல் பலகாரத்தோடு வருகிறவர், வந்ததும் நிப்லாவின் தலையைத் தடவிக்கொடுக்கிறவர். அவரை எப்படி வில்லியாக்குவது?

அன்று மாமி வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. உம்மா குசினியில் இருந்தார், நிப்லா தேநீர் போடப் போனாள். படத்தில், பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ளியதற்காக ஒரு பொடியனைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள்.

"யா அல்லாஹ், இவனுகளும் மனிசனுகளா?" மாமியின் குரல் உடைந்தது. "பொறப்பக் கேட்டு மனிசன அளக்கிறதா? பாரு மகள், அந்தத் தாய்ட முகத்தப் பாரு. நம்மட மார்க்கத்துல இந்த அநியாயம் இல்ல, அல்ஹம்துலில்லாஹ்."

முந்தானை நனையும்வரை அழுதார். அது நடிப்பில்லை என்று அம்ஹா எங்கேயும் சத்தியம் பண்ணுவாள்.

விளம்பரம் வந்தது.

"கேக்க மறந்துட்டன் மகள். உங்கட உம்மா என்ன குடி?"

இங்கே ஒரு விளக்கம் சொல்லத்தான் வேண்டும். குடி என்பது அந்தக் கரையில் தாய்வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளைகளுக்கும். ஒரே குடிக்காரர் அண்ணன் தங்கை முறை, அவர்களுக்குள் கல்யாணம் இல்லை. இந்தக் காலத்தில் அதை யாரும் முதலில் கேட்பதில்லை. பிள்ளைகள் தாங்களே பார்த்துப் பிடித்து, கல்யாணப் பேச்சுக்கால் எல்லாம் முடிந்த பிறகு, பழக்கத்தில் கேட்பார்கள். ஆனால் ஒஸ்தா வீட்டுக்காரரிடம் கேட்டால் குடிப்பெயர் சொல்லித் தப்ப முடியாது. பொத்துவிலில் யாரைக் கேட்டாலும் ஒஸ்தாமார் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

அம்ஹா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். எதிரே இருப்பவர் என்ன குடி என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. பயத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துபோய், ஊரில் மதிப்பான ஒரு குடியின் பெயரைச் சொல்லிவிட்டாள்.

(பெயரை இங்கே எழுதவில்லை. அந்தக் குடிக்காரர் வாசிப்பார்கள்.)

"அது எங்கட குடி மகள்!" மாமி எழுந்து அம்ஹாவைக் கட்டிப்பிடித்தார். "நம்மட ஆக்களா நீங்க!" பிறகு, கட்டிப்பிடித்த கை மெல்லத் தளர்ந்தது. "அப்ப... றிபாசும் நிப்லாவும்..."

படம் மறுபடி தொடங்கியது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

5

உம்மா சொன்னார்: "அப்பிடியே உடு. ஒரே குடி எண்டு நிண்டுபோனா ஊர் ஒண்டும் கேக்காது. மரியாதயா முடியும்."

"அவள்ட மனசு, உம்மா?"

"மனசு ஆறும். பேர் வெளிய வந்தா ஆறாது. உன்ட புருசன்ட ஊட்டாக்களுக்கும் ஒண்டும் தெரியா, ஞாபகம் வெச்சுக்க."

அம்ஹா தங்கைக்காக மட்டும் பயப்படுகிறோம் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

முடிவு அ: அம்ஹா மாமியிடம் போய் உண்மையைச் சொல்கிறாள். மாமி விம்மி அழுது நிப்லாவை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். பின்னணியில் இசை. (அடித்துவிட்டாள். படம் பார்த்துக் கெட்ட புத்தி.)

முடிவு ஆ: உம்மா சொன்னபடி எல்லாம் மரியாதையாக முடிகிறது. றிபாஸுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். நிப்லா அந்தச் செய்தி கேட்டதும்

(இந்த வாக்கியம் இதற்கு மேல் போகவில்லை. பின்னால் நின்று நிப்லா வாசித்துக்கொண்டிருந்தாள்.)

"ராத்தா, இவ்வளவு எழுதியிருக்கிறா. நான் இதுல ஒரு சொல்லும் கதைக்கல்லையே," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

6

அந்த நேரம்தான் மாமியின் அழைப்பு வந்தது. குரலில் உற்சாகம் பொங்கியது.

"மகள், மௌலவியட்ட கேட்டுட்டன். குடியெல்லாம் மார்க்கத்துல இல்லயாம். ஒரே தாய்ட பால் குடிச்ச உறவு இல்லாட்டி நிக்காஹ் கூடுமாம். ஊர் கதைச்சாக் கதைக்கட்டும், நான் பாத்துக்கிறன்."

அம்ஹா சுவரில் சாய்ந்தாள். பொய் பலித்துவிட்டது. இப்படியே ஒரு நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டால் நிப்லாவுக்குக் கல்யாணம்.

"ஒண்டு மட்டும் மகள். பொத்துவில்ல எங்கட குடியில நீங்க ஆரு ஊட்டாக்கள்? பேரச் சொல்லு. நானே நேர போய் கல்யாணத்துக்குச் சொல்லணும். உம்மாட ஆக்கள உட்டுட்டுச் செய்யலாமா?"

எந்தப் பெயரைச் சொன்னாலும் மாமி போவார். பொத்துவிலில் முதல் வாசலிலேயே எல்லாம் தெரிந்துவிடும். பக்கத்தில் நின்ற நிப்லாவுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அவள் அம்ஹாவின் கையிலிருந்து போனை எடுத்தாள்.

"மாமி, நான் நிப்லா. நாங்க உங்கட குடி இல்ல. ராத்தா பயத்துல சொல்லிட்டா. எங்கட உம்மாட வாப்பா பொத்துவில்ல ஒஸ்தா. றிபாசுக்கும் இது தெரியா. முதல்ல உங்களுக்குத்தான் சொல்றன்."

மாமி போனை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அம்ஹா எழுத மாட்டாள். நல்லதாக எழுதினால், எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். கெட்டதாக எழுதினால், அந்தக் கரைச் சனங்கள் மோசம் என்று சொல்லிவிட்டு அதே நிம்மதியோடு போய்விடுவீர்கள். ஆகவே போன் இப்போது உங்கள் கையில். கல்யாணம் உங்கள் மகனுக்கு. ஒஸ்தா என்பது உங்களுக்குப் புதிய சொல்லாக இருந்தால், உங்கள் வீட்டில் எந்தப் பெயர் வந்தால் தேநீர் ஆறிப்போகும் என்று பேச்சை மாற்றுவீர்களோ, அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிப்லாவுக்கு அவசரம் இல்லை. ஆனால் பயமாக இருக்கிறது.

"மாமி," என்கிறாள். "இருக்கிறீங்களா?"