பதினோராம் குழாய்

மூன்று நாளாக வெள்ளைத்துரைக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கையை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். "என்னதான் ஆச்சுன்னு சொல்லுங்களேன்" என்று மனைவி சுப்புத்தாய் கேட்டால், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவான்.

போடியில், தேவாரம் சாலைக் குழாய்ப் பட்டறையில் அவன் பன்னிரண்டு வருஷமாக வெல்டர். இரும்புத் தகட்டை உருளையில் வளைத்து, இரண்டு விளிம்பையும் நீளவாக்கில் ஒட்டினால் குழாய். எழுபத்தொன்பதாம் வருஷம், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்கு நாற்பது குழாய் கேட்டிருந்தார்கள். உச்சி ஓடையிலிருந்து நாற்றங்காலுக்கும் கூலிக்காரர் குடியிருப்புக்கும் சரிவில் தண்ணீர் இறக்க வேண்டும். வேலை முடியும் தறுவாயில் பட்டறைக் கூரை மழையில் ஒழுகி, வெல்டிங் குச்சிகள் நனைந்துவிட்டன.

"காயவச்சுட்டு ஒட்டுறேண்ணே" என்றான்.

"லாரி வந்து நிக்கிது. வெரசா முடி" என்றார் முதலாளி கோட்டைச்சாமி.

கடைசி ஆறு குழாயையும் ஈரக் குச்சியில்தான் ஒட்டினான். தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனையை இந்த லோடு முழுவதற்குமே விட்டுவிட்டார்கள். சிவப்புப் பூச்சு அடித்து அனுப்பியாயிற்று.

பத்து நாள் கழித்து, அந்த ஆறில் ஒன்றிலிருந்து நறுக்கிய துண்டு குப்பையில் கிடந்தது. சம்மட்டியால் உடைத்துப் பார்த்தான். ஒட்டின் உள்ளே ஆப்பத்தில் இருப்பது போல் பொடிப்பொடியாய் ஓட்டைகள். கோட்டைச்சாமியிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"எல்லாத்தையும் மாட்டி முடிச்சுட்டாக. வெள்ளிக்கிழமை தண்ணி திறக்கப் போறாக" என்றார் அவர். "இப்பப் போயி நீ வாயத் திறந்தா, நாளைக்கு நம்ம பட்டறைக்கு எவன் வருவான்?"

அன்றிலிருந்துதான் அவனுக்குச் சோறு இறங்காமல் போனது. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, தோட்டத்து ஆட்களோடு முதல் ஜீப்பில் ஏறிவிட்டான். கையில் ஒரு டப்பா மண்ணெண்ணெய், ஒரு பொட்டலம் சுண்ணாம்பு. ஒவ்வொரு வளைவிலும் "இன்னும் எம்புட்டு தூரம்ணே?" என்று கேட்டு டிரைவரைத் தொந்தரவு செய்தான்.

தோட்டத்தில் இறங்கியதும் குழாய் போன வழியைப் பார்த்தான். சரிவின் அடியில், தண்ணீரின் அழுத்தம் முழுவதும் வந்து இறங்கும் இடத்தில், ஒரு மண்சுவர்க் கொட்டகையை உரசிக்கொண்டு குழாய் திரும்பியது. உள்ளே ஏழு தூளிகள். காய் பறிக்கப் போன பெண்களின் பிள்ளைகளை மொக்கம்மாள் என்பவள் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கங்காணி ராக்கையாவிடம் ஓடினான். "அண்ணே, தண்ணியத் திறக்காதீக. ஆறு குழாயில ஒட்டு சரியில்ல."

"ஒட்டுனது யாரு?"

"நான்தான்."

ராக்கையா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கிறுக்கு ஏதும் பிடிச்சிருக்கா? பத்து மணிக்குத் திறக்கச் சொல்லி உத்தரவு."

ஒவ்வொரு குழாயின் நுனியிலும் உளியால் எண் கொத்துவது வெள்ளைத்துரையின் வழக்கம். முப்பத்தைந்தாம் குழாயைத் தேடிக் கழற்றி, ஒட்டின் மேல் சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெயை ஊற்றினான். சற்று நேரத்தில் வெள்ளைப் பூச்சில் கறுப்புப் புள்ளிகள் ஊறி வந்தன. ராக்கையா விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு நாலு ஆட்களைக் கூப்பிட்டார். தோட்டத்தில் முன்பு நடந்த வேலையில் மிஞ்சிக் கிடந்த குழாய்களைக் கொண்டுவந்து, ஆறையும் மாற்றி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது.

"இப்பத் திறக்கலாமில்ல?" என்றார் ராக்கையா.

வந்த சோலி முடிந்துவிட்டது, ஆனாலும் வெள்ளைத்துரைக்கு மனசு அடங்கவில்லை. கொட்டகைக்குப் போனான். "ஆத்தா, பிள்ளைகள ஒரு அரை மணி நேரம் அந்தப் பக்கம் கொண்டு போயிருவமா?"

"இப்பத்தான் கண்ணசந்துச்சுக. மழை வேற தூறுது. போப்பா அங்கிட்டு" என்றாள் மொக்கம்மாள்.

அவன் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே விட்டான். மொக்கம்மாள் வைதுகொண்டே மற்றவற்றை ஆட்களிடம் கொடுத்து, தானும் பின்னால் வந்தாள்.

மேலே தண்ணீர் திறந்தார்கள். குழாய்க்குள் காற்று உறுமிக்கொண்டு இறங்கியது. வெள்ளைத்துரை புதிதாக மாட்டிய குழாய்களில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே சரிவில் ஓடிவந்தான். பாதி வழியில் இருக்கும்போது கீழே வெடிச் சத்தம். கொட்டகையை ஒட்டிய குழாய் கைநீளத்துக்குப் பிளந்து, பீறிட்ட தண்ணீர் மண்சுவரை அடித்துத் தள்ளியது. நாலு தூளிகள் சுவரோடு சேற்றில் புதைந்தன.

தண்ணீரை அடைத்தபின் பிள்ளைகளை எண்ணினார்கள். ஏழும் இருந்தன. மொக்கம்மாள் ஒரு பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைத்துரை பிளந்த குழாயின் நுனியைத் துடைத்துப் பார்த்தான். பதினொன்று. கோடையில், நன்றாகக் காய்ந்த குச்சியில், சந்தேகமே இல்லாமல் ஒட்டியது. பிளவுக்குள் விரலை விட்டான். வெளிப்பக்கம் இரும்பு நன்றாக உருகி நிறைந்திருந்தது. உள்பக்கத்தில் தகட்டின் விளிம்புகள் உருகாமல், வெட்டிய தடம்கூட அழியாமல் அப்படியே இருந்தன.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் போடியில் கரண்டு சரியாக இல்லை; பட்டறை விளக்கே மங்கித்தான் எரிந்தது. அந்தக் கரண்டில் நெருப்பு அடிவரைக்கும் இறங்கவில்லை. மேல்தோல் மட்டும் ஒட்டியிருக்கிறது. நனைந்த குச்சியையே நினைத்து நினைத்து, அவன் இதை யோசிக்கவே இல்லை.

"மத்ததுல எதெது நல்ல குழாய்? நீயே சொல்லு" என்றார் ராக்கையா.

"தெரியலண்ணே. எல்லாத்தையும் திரும்ப ஒட்டணும்."

அவன் மலையை விட்டு இறங்கவில்லை. தோட்டக்காரர்கள் டீசலில் ஓடும் வெல்டிங் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இருபத்தாறு நாள், ஒவ்வொரு குழாயாகப் பழைய ஒட்டைத் தேய்த்தெடுத்து, மறுபடி ஒட்டி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தான். 'பட்டறைப் பக்கமே வர வேண்டாம்' என்று கோட்டைச்சாமி ஜீப்பில் ஆள் அனுப்பிச் சொன்னார். ஆவணி பிறந்து மூன்றாம் நாள் குடியிருப்புக்குத் தண்ணீர் வந்தது. பெண்கள் குடங்களோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை கோடை, எத்தனை மங்கிய விளக்கு! மறுநாள் வீட்டுக்குப் போய்ச் சுப்புத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னான். "அப்ப மத்த ஊருக்குப் போன குழாயெல்லாம்?" என்றாள் அவள்.

அதற்கடுத்த நாள் கைப்பம்பை இரவல் வாங்கிக்கொண்டு குரங்கணிக்குப் போனான். அங்கே முன்பு அவர்கள் பட்டறையில் குழாய் வாங்கிய ஒரு காப்பித் தோட்டத்தின் வாசலில் நின்று, வந்த மனிதரைக் கும்பிட்டான்.

"அண்ணே, உங்க தண்ணிக் குழாய் எந்த மாசம் போட்டதுன்னு ஞாபகம் இருக்கா?"