தலைப்பிரட்டைக்கு ஒரு பெயர், தவளைக்கு ஒரு பெயர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி, "உங்க பேரு சாகட்டும், என் பேரு இருக்கட்டும்!" என்று கத்தினாள். போலீசைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். பிறகுதான் தெரிந்தது, புருஷனும் பெண்டாட்டியும் தவளை ஆராய்ச்சியாளர்கள்.

2

("அருவியோரம் மழை தூறிய ஒரு மாலை..." வேண்டாம். நடந்தது சமையலறையில்.)

அவர் மரக்கிளையில் பிடித்த தவளைகளைத் தனிப் பிரிவாக, ஒரு துணைக்குடும்பமாக்கி 'மெலிகாலர்' என்று பெயர் வைத்தார். அவள் ஓடைப்பாறையில் வாயால் ஒட்டிக்கிடந்த தலைப்பிரட்டைகளை இன்னொரு துணைக்குடும்பமாக்கி 'பாறைவாயர்' என்றாள். இரண்டும் ஒரே இதழில், ஒரே நாளில் அச்சேறின. பிடித்ததையெல்லாம் உடனே கெடாமலிருக்கச் சாராயப் புட்டியில் போடுகிற தொழில், எதையும் வளரவிட்டதில்லை. பல ஆண்டுகள் கழித்து, அடுப்புக்குப் பக்கத்துத் தொட்டியில் அவள் ஒன்றை வளர்த்தாள். அதற்குக் கால் முளைத்தது. அவருடைய தவளையின் கால். இரண்டும் ஒரே குடும்பம்தான்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர்தான் நிற்கும். வழக்கமாக மூத்த பெயர். இரண்டும் ஒரே நாளில் பிறந்திருந்தால், அச்சில் முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் சொன்னதே சட்டம். மற்றது செத்த பெயர்.

3

இந்தக் கதையின் முதல் வடிவில் அவரைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்க வைத்தேன். அவள் என் தாளிலேயே சீறினாள்.

"பிச்சையா போடறீங்க? தலைப்பிரட்டையை வச்சு குடும்பம் கட்டுறாளாம்னு இத்தனை வருஷமா சிரிச்சாங்க. எனக்கு என் பேரு வேணும். நீங்க நெஜமா சண்டை போட்டுத் தோக்கணும்."

"நான் ஏன் தோக்கணும்? மரத்துலேருந்து விழுந்து கையை உடைச்சுக்கிட்டது யாரு?"

நியாயம்தான். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அந்த வடிவைக் கிழித்தேன்.

4

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு... (இல்லை. இவள் அழுகிற ரகமில்லை.)

5

இரண்டும் ஒன்றே என்று சொல்லும் கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். தேர்வைச் சொல்லவேண்டிய வரி மட்டும் காலி. தொட்டியில் அது நாலு காலும் வாலுமாகக் கல்மேல் உட்கார்ந்திருந்தது.

"வால் இருக்கிறவரைக்கும் அது என்னுது."

"கால் வந்தப்பவே என்னுதாயிடுச்சு."

"சரி, வால் போகட்டும். அப்புறம் எழுதலாம்."

வால் போய் நெடுநாளாகிறது. வேறு யாராவது முந்திக்கொண்டால் இருவர் கையையும் விட்டுப்போகும் என்று தெரிந்தும் அந்த வரி காலியாகவே இருக்கிறது. இரவல் வாங்கி இங்கே போட்டிருக்கிறேன்:

நாங்கள் தேர்ந்தெடுக்கும் பெயர் ..........

பேனா உங்களிடம். எழுதுமுன் சுவரில் கொஞ்சம் காதை வையுங்கள். இன்னும் சண்டைதான், நடுநடுவே சிரிப்பும். நீங்கள் எழுதிய அன்றோடு அந்தச் சத்தம் நின்றுவிடும்.