ஏற்றத்தில் மட்டும்

பீங்கான் சூளைகளுக்கு மண் வெட்டும் அந்தக் குழி நாற்பதடி ஆழம். அடியில் பழைய ஜீப் நின்றிருந்தது. பின்னால் கோத்த டிரெய்லரில் ஈர மண் தளும்பத் தளும்ப ஏற்றியிருந்தார்கள். பச்சமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மெக்கானிக் ஜெயராஜ். அவர் கண் டேஷ்போர்டில் இருந்த சூட்டு முள்ளின் மேலேயே இருந்தது.

"பஸ்ட் கீர்லயே போ. நடுவுல மாத்தாத."

"எப்பவும் பஸ்ட்லதாண்ணே ஏறுவேன்."

"பேசாம ஓட்டுய்யா."

வண்டி முனகிக்கொண்டு ஏறியது. பாதி ஏற்றம் வரும்போதே முள் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. முக்கால் ஏற்றத்தில் சிவப்பைத் தொட்டது. பானட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. பச்சமுத்து பிரேக்கை மிதித்தான். ஜெயராஜ் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தார்.

"ரோட்டுல எப்படி?"

"ரோட்டுல ஒரு தொல்லையும் இல்லண்ணே. பெண்ணாடம் போயிட்டு வந்தாலும் முள்ளு பாதியத் தாண்டாது. இந்த ஏத்தத்துல மட்டுந்தான்."

குழியின் விளிம்பில் முதலாளி ராஜ்மோகன் போனும் கையுமாக நின்றிருந்தார்.

"தண்ணி பாக்காம எடுத்திருப்பான்," என்று மேலிருந்து கத்தினார்.

"தண்ணி முழுசாத்தான் இருந்துதுங்க. நான்தான் ஊத்துனேன்," என்றார் ஜெயராஜ்.

"இன்னிக்கி நீ ஊத்துன. அன்னிக்கி?"

அன்றைக்கு என்று அவர் சொன்னது போன வியாழக்கிழமையை. அன்றும் இதே இடத்தில்தான் வண்டி கொதித்து நின்றது. அரைமணி நேரம் ஆறட்டும் என்று பச்சமுத்து போனில் சொன்னான். மேலே லாரி காத்திருக்கிறது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி ஏற்று, இல்லையென்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்றார் முதலாளி. மண் சுமக்கும் ஆதிலட்சுமி குடத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். அவன் சாக்கைச் சுற்றி மூடியைத் திருகினான். மூடி தெறித்தது. கொதிநீர் அவன் தலைக்கு மேலாகப் பாய்ந்து அவள் கழுத்திலும் தோளிலும் விழுந்தது. இன்னும் அவள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். அவளைப் பார்க்கப் போன பச்சமுத்துவை அவள் புருஷன் வார்டு வாசலிலேயே சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டான்.

எஞ்சின் ஆறும்வரை ஜெயராஜ் வண்டியைத் தொடவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேன் பெல்ட்டை விரலால் அழுத்தினார், விறைப்பாக இருந்தது. சூட்டில் தானே திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி, குழியோரத்து டீ அடுப்பில் கொதித்த தண்ணீரில் போட்டார். சரியாக வாய் திறந்தது. மூடியின் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தது. தண்ணீர் நிரப்பி, மூடி போடாமல் எஞ்சினை ஓட விட்டு எட்டிப் பார்த்தார். குமிழி வரவில்லை.

"ஹெட் கேஸ்கெட்டும் போவல. அப்ப உன் ஓட்டத்துலதான் ஏதோ கோளாறு."

பச்சமுத்து ரேடியேட்டரைக் காட்டினான். "ரேடியேட்டரக் கழட்டிப் பாத்துட்டு அப்பறம் சொல்லுண்ணே."

ஜெயராஜ் முறைத்தார். ஆனாலும் கழற்றினார். முன்பக்கம் தகடுகள் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தன. தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் ஊடுருவவில்லை. ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு மட்டும் வெயில் தெரிந்தது. ஸ்குரூ டிரைவரால் கிளறினார். தகடுகளுக்கு நடுவிலிருந்து வெள்ளை மண், சூளையில் வெந்த சில்லுபோலக் கெட்டியாகப் பெயர்ந்து விழுந்தது.

"யாரு பைப்பு அடிச்சுக் கழுவுறது?"

"நான்தான். தெனம் சாயங்காலம் வண்டி பளபளன்னு நிக்கணும்பாரு மொதலாளி."

"முன்னாடி நின்னு அடிச்சா மண்ணு உள்ள போயி அடைச்சுக்கும். எஞ்சின் சூட்டுல அப்படியே வெந்துபோவும். ரோட்டுல வேகமா போவக்குள்ள அந்த ஓரத்துக் காத்தே போதும். இங்க ஊர்ந்து ஏறக்குள்ள பத்தாது."

"கழட்டிப் பாக்கணும்னு மொதலாளிகிட்ட சித்திரையிலயே சொன்னேண்ணே. மூணு தடவ சொன்னேன். வண்டி ரெண்டு நாள் நின்னா உன் முதுவுல மண்ண ஏத்துறதான்னு கேட்டாரு."

ஜெயராஜ் ஏற்றத்தில் நடந்தார். பச்சமுத்துவும் பின்னால் போனான்.

ராஜ்மோகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "சரி, சுத்தம் பண்ணி மாட்டிடு. அந்தப் பொம்பள புருஷன் லேபர் ஆபீசுல மனு குடுத்திருக்கான். வண்டியில கோளாறு இல்ல, டிரைவரு கவனக்குறைவுன்னு லெட்டர்ல எழுதிக் குடு."

"அடைப்புன்னுதாங்க எழுத முடியும்."

"எங்க ஆறு வண்டியும் உன் ஷெட்டுக்குத்தான வருது? இல்ல, வேற ஷெட்டு பாக்கவா?"

ஜெயராஜ் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"மூடியத் தொறக்கச் சொன்னது நீங்க," என்றான் பச்சமுத்து. "போன்ல சொன்னீங்க."

"தொறந்தது யாரு?"

பச்சமுத்து ஜெயராஜைப் பார்த்தான்.

"உன்னத்தான்டா கேக்குறேன். தொறந்தது யாரு?"

"நான்தான்."

"அவ்வளவுதான். சாவிய வச்சிட்டுக் கௌம்பு."

ஜெயராஜ் தன் ஷெட்டின் பெயர் அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு, மேசை தேடி ஆபீஸ் அறைக்குள் போனார். பச்சமுத்துவின் பக்கம் திரும்பவில்லை.

அதன்பிறகு விருத்தாசலத்தில் அவனுக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் பொம்பள மேல சுடுதண்ணி ஊத்துனவன்தானே என்றார்கள். ஜங்ஷன் குட்ஷெட்டில் சிமெண்டு மூட்டை இறக்கும் வேலைக்குப் போனான். வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட அவனுடைய டிரைவிங் லைசென்ஸ் ராஜ்மோகனின் மேசை டிராயரிலேயே கிடந்தது. இரண்டு தடவை போய்க் கேட்டும் முதலாளி ஊரில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாலு மாதம் கழித்து மூன்றாம் தடவை அவன் போனபோது சாயங்காலம் ஆகியிருந்தது. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

குழியிலிருந்து ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது. இடையில் நிற்காமல், திணறாமல் ஒரே சீராக வந்தது. புது டிரைவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் போன் பேசியபடி வந்தான். டிரெய்லரில் வேலை முடிந்த பெண்கள் மண் அப்பிய கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதற்காக வண்டி சற்று நின்றது.

"டிரைவர மாத்துனாங்க, வண்டி எப்படி ஏறுது பாத்தியா?" என்றாள் ஒருத்தி. பிறகுதான் அவனைப் பார்த்தாள். பார்த்தும் குரலைத் தணிக்கவில்லை. "ஓட்டத் தெரியாதவன ஒக்கார வச்சி, இவள இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டாங்க."

அவளுக்குப் பக்கத்தில் ஆதிலட்சுமி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கி, தலையை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. அந்தத் தோளில் கூடை வைக்க முடியாததால் மற்றத் தோளில் சுமந்திருந்தாள். அந்தப் பக்கத்து ரவிக்கை மட்டும் வெள்ளை மண்ணாக இருந்தது.

"யக்கா, வண்டியில அடைப்புக்கா. ரேடியேட்டர்ல..." என்று பச்சமுத்து ஓரடி முன்னால் வந்தான்.

ஆதிலட்சுமி அவனையே பார்த்தாள். முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். பிறகு எக்கி, டிரெய்லர் மேலிருந்தே அவன் காலடியில் காறித் துப்பினாள்.

வண்டி நகர்ந்தது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினான்.